நீக்கப்பட்டவை

உங்கள் அலுவலக வாசலில் உள்ள பலகையில் 'காத்திறுக்கவும்' என்று எழுதியிருக்கிறது. இன்று காலை ஒரு மணி நேரம் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். 'ரு' வரவேண்டிய இடத்தில் 'று'. எழுதியவரைச் சொல்வதா, இத்தனை வருஷமாக அதைத் தாண்டிப் போய்வந்தவர்களைச் சொல்வதா? எழுந்துபோய்த் திருத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காவலர் பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். பிழையைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும் மேடம், அவ்வளவுதான்.

டீச்சரின் மரணத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் வாக்குமூலமாகத் தட்டச்சு செய்வதாகத்தான் முதலில் ஏற்பாடு. முதல் பத்தியிலேயே அவர் மூன்று ஒற்றுகளை விழுங்கிவிட்டார். நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டு வாங்கியது அதனால்தான். வேறு உள்நோக்கம் கிடையாது. மறைக்கவும் ஒன்றுமில்லை, உறை உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

நான் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தோரு வருஷமாக எடிட்டர். எழுத்தாளர்கள் எழுதுவார்கள், நான் வெட்டுவேன். டீச்சர் எனக்கு வைத்த பெயர் கத்திரி. "என்ன கத்திரி, இன்னைக்கு யார் தலை உருண்டுச்சு?" என்று கேட்டுத்தான் ஃபோனில் பேச்சையே தொடங்குவார். நான்கு பேர் நடுவில் கூப்பிடும்போதும் அதே பெயர்தான். நானும் சிரித்துவைப்பேன்.

அவர் இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். பதிப்பகத்தில் எல்லாருக்குமே அவர் டீச்சர்தான். வேலையை விட்டபிறகு கிரேக்கப் புராணங்களைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதைகளில் ஓரமாக நிறுத்தப்பட்ட பெண்களை நடுவில் கொண்டுவந்து, அவர்கள் பக்கத்திலிருந்து கதையைத் திரும்பச் சொல்வது அவர் பாணி. முதல் நாவல், போருக்குப் போன புருஷனுக்காக இருபது வருஷம் துணி நெய்தபடி காத்திருந்த ராணியைப் பற்றியது. பழைய கதையில் அவள் காத்திருக்கிறாள், அவன் வருகிறான், சுபம். டீச்சரின் நாவலில் பன்னிரண்டாம் வருஷமே அவளுக்கு அவன் முகம் மறந்துவிடுகிறது. மீதி எட்டு வருஷமும் அவன் எங்கே வந்து தொலைப்பானோ என்று பயப்படுகிறாள்.

கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து, "அந்த ஊர்க் கதை நமக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்பார். "வீட்டுக்கு வீடு ஒருத்தி சாப்பாட்டை மூடிவெச்சுட்டு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. இதுல எந்த ஊர் உன் ஊர், எந்த ஊர் என் ஊர்?" என்பார் இவர். அரங்கமே கைதட்டும்.

அந்த நாவல் விற்ற விற்பனையைப் பார்த்து ஊரில் பேனா வைத்திருந்த எல்லாரும் கிரேக்கத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மாதம் ஐந்து கையெழுத்துப் பிரதி வரும். பாம்புக் கூந்தல்காரியின் சுயசரிதை, திறக்கக்கூடாத ஜாடியைத் திறந்தவளின் நாட்குறிப்பு, தீவில் விட்டுவிட்டு ஓடிப்போன காதலனுக்கு ஒருத்தி எழுதும் கடிதங்கள். எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும்: 'என் கதையை எல்லோரும் சொன்னார்கள், இனி நானே சொல்கிறேன்.' பதினோரு பிரதிகளில் அந்த வாக்கியத்தை அடித்திருக்கிறேன். பிறகு அந்த அம்மாள் முந்நூறு பக்கத்துக்குத் தான் உத்தமி என்று நிரூபிப்பார். ஒரு தப்புகூடச் செய்யாத பெண்ணை வைத்துக்கொண்டு கதை எப்படி நகரும் என்று யாரும் யோசிப்பதில்லை. தலையைப் பிய்த்துக்கொள்வேன்.

டீச்சர் அப்படியில்லை. அவருக்கு எழுதத் தெரியும், எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது. முதல் நாவல் என் கைக்கு வந்தபோது தொள்ளாயிரம் பக்கம். வெளியே போனபோது முந்நூற்று நாற்பது. முதல் அத்தியாயத்தை எட்டாவதாக மாற்றியது நான். ராணிக்கு அவன் முகம் மறந்துபோவதை நாவலின் நடுவுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். நன்றியுரையில் என்ன எழுதினார் தெரியுமா? 'காற்புள்ளிகளைச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்த நண்பருக்கு.' ஆறு நாவலிலும் அதே வரிதான். எனக்கு வலித்தது. அவரிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வேலைமுறையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நான் ஒரு வரியை அடித்துவிட்டேன், எழுத்தாளருக்கு அது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். அடித்தது செல்லாது, மூலம் அப்படியே நிற்கும் என்று அர்த்தம். டீச்சருக்கு வாயிலும் அதே சொல்தான். இன்னொரு காபி வேண்டுமா என்றால் "இருக்கட்டும்." ஆட்டோ பிடிக்கட்டுமா என்றால் "இருக்கட்டும்." விமர்சகர் ஒருவர் கண்டபடி திட்டியிருக்கிறார் என்று பேப்பரைக் காட்டினால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருக்கட்டும் கத்திரி."

இன்னொரு வழக்கம் என்னுடையது. எதை நீக்கினாலும் தூக்கிப்போட மாட்டேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பழுப்பு உறை, மேலே 'நீக்கப்பட்டவை' என்று எழுதியிருக்கும். வெட்டின பக்கமெல்லாம் அதற்குள் போகும். நாளைக்கே எழுத்தாளர் வந்து அந்தப் பத்தி எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். அலுவலக இரும்பு அலமாரியில் இப்படி நானூறு உறை இருக்கிறது.

ஏழாவது நாவல் எதிரொலியைப் பற்றியது. கிரேக்கக் கதையில் அவள் வாயாடிப் பெண். ஒரு தேவி சபித்துவிடுகிறாள்: இனி உனக்கென்று சொந்தமாக ஒரு சொல் கிடையாது, அடுத்தவர் பேச்சின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வாய். அப்படிப்பட்டவள் ஒரு அழகனைக் காதலிக்கிறாள். அவனோ குளத்துத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக் காதலித்துச் சாகிறான். சாகும்போது தன் பிம்பத்திடம் "போய் வருகிறேன்" என்கிறான். அவளும் "போய் வருகிறேன்" என்கிறாள். பழைய கதையில் அப்படி.

சொந்தச் சொல்லே இல்லாதவளைத் தன்மையில் பேசவிட்டு ஒரு நாவல். டீச்சர் எழுதினார். பிரமாதமாக எழுதினார், அதை நான் மறுக்கவில்லை. வெளியே ஒரு சொல். உள்ளே முந்நூறு பக்கம். கடைசியில் அவன் "போய் வருகிறேன்" என்கிறான். டீச்சரின் எதிரொலி அதைத் திருப்பிச் சொல்வதில்லை. வாயை மூடிக்கொள்கிறாள். சாபத்தை மீறி முதன்முதலாக ஒருவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறாள். தண்ணீர் அசைவதைப் பார்க்கிறாள். ஒன்றரைப் பக்கத்தில் நாவல் முடிந்துவிடுகிறது.

எனக்கு அது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. முந்நூறு பக்கம் அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்த வாசகருக்கு ஒன்றுமே இல்லையா? "ஒரு பேச்சு வேணும் டீச்சர். சாபம் உடையணும். அவ பேசணும்," என்றேன். "அவ பேசாம இருக்கறதுதான் கத்திரி சாபம் உடையறது," என்றார். நான் விடவில்லை. அவர் நாவலில் அவர் பேசவிடாத இடத்தில் என்ன பேச்சு வரலாம் என்று காட்டுவதற்காக, ஒரு மாதிரிக்காக, பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முப்பத்தோரு வருஷத்தில் நானாக எழுதிய முதல் பதினான்கு பக்கம். அவர் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு, "காற்புள்ளியெல்லாம் சரியா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அன்று நான் ஊரிலேயே இல்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வாழ்நாளெல்லாம் அதிகம் புழங்கிய ஒரு சொல் சிலருக்கு அப்படித் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். எந்தச் சொல் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா திண்டாடிப்போனார். "தண்ணி வேணுமா டீச்சர்?" "இருக்கட்டும்." கொடுப்பதா, வேண்டாமா? டீச்சரின் தங்கை வேறு ஊரில் வேலையில் இருந்தவர், வாரக்கடைசியில்தான் வர முடியும். எங்கள் அலுவலகம் அடுத்த தெருவில். பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மாத்திரையை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான சின்ன வெள்ளை மாத்திரை, தினமும் ஒன்று.

அச்சுக்கு முன் திருத்துவதற்கான மெய்ப்பை எடுத்துக்கொண்டு போவேன். அவர் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார், நான் ஸ்டூலில். பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டுவேன். "உங்க கடைசி ஒன்றரைப் பக்கத்தை எடுத்துட்டு என் பதினாலு பக்கத்தைச் சேர்த்திருக்கேன் டீச்சர். சரிதானே?" என்று கேட்டேன். "இருக்கட்டும்," என்றார். நான் 'ஆசிரியர் ஒப்புதல்' என்று எழுதித் தேதி போட்டேன்.

நீங்கள் நேற்று கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. ஆமாம், எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். எனக்குத் தெரியும். ஆனால் அவர் அப்போது நோயாளி. நோயாளி சொல்வதைச் சாதாரணப் பேச்சாகத்தானே எடுத்துக்கொள்ள முடியும்?

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் வாரம் மூன்று நாள் வருவார். சுறுசுறுப்பான பெண். பூனைப் படம், கோப்பைப் படம் என்று அட்டை அட்டையாகக் காட்டி, "இது என்ன? சொல்லுங்க டீச்சர், பூ...னை," என்பார். ஆறு நாவல் எழுதியவருக்குப் பூனை. பார்க்கவே பொறுக்கவில்லை எனக்கு. இடது கையால் புள்ளிகளைச் சேர்க்கவும் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் மெய்ப்பை எடுத்துப் பார்த்தால் நான் அடித்திருந்த அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சில் புள்ளிகள். கோணல்மாணலாக, சில இடத்தில் தாள் கிழியும்படி. கை நடுக்கம் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம், "டீச்சர் ரொம்பக் களைச்சுப்போறாங்கம்மா. கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிட்டார்," என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் நம்பவில்லை என்பது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

பயிற்சி நின்றும் பேச்சு திரும்புவது நிற்கவில்லை. வேலைக்கார அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாராம். நான்காம் மாதம் ஒரு மதியம். நாவல் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. "அப்ப என் முடிவே இருக்கட்டுமா டீச்சர்?" என்றேன். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ரொம்ப நேரம் இழுத்தது.

"வே...ணாம்," என்றார்.

அதன்பிறகு இடது கையைப் பக்கத்தின் மேல் வைத்து, "என்னுது," என்றார். நான் அதை 'என்னது?' என்று கேட்டதாக எடுத்துக்கொண்டேன். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மறுபடி உரக்க வாசித்தேன். அவர் தாளைத் தட்டித் தட்டி, "என்னுது. என்னுது," என்றார். கண்ணில் நீர் வழிந்தது. கோபத்தில் வந்த நீர். எனக்கும் கோபம் வந்தது மேடம். நாலு மாதமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவன் நான். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு 'வேணாம்'.

அன்று மதியம் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது எந்தத் திட்டமும் இல்லை. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எடுத்துப் பார்ப்பது, தேவைப்பட்டால் திரும்ப வைத்துக்கொள்வது. அப்படித்தான் எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்தேன், அதே நிறம். எடுத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பையில் அந்த நாவலின் உறை இருந்தது, அவருடைய ஒன்றரைப் பக்கமும் அதில் இருந்தது. அதோடு போட்டேன்.

அடுத்த நாளும் அவர் வேணாம் என்றார். அடுத்த நாளும் எடுத்தேன். தங்கை வந்திருந்த வாரக்கடைசியிலும் மதிய மாத்திரை என் கையால்தான். ஆறாம் நாள் அவர் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு விழுங்காமல் என்னைப் பார்த்தார். ருசி வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். வாயைக் காட்டினார். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். கடைசி மெய்ப்பு. என் பதினான்கு பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் அவர் கையிலிருந்த பென்சில் விழுந்தது. முகம் கோணியது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அதைச் சொல் என்று கூற முடியாது. ஃபோன் என் மடியில்தான் இருந்தது. இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி. நடுவில் நிறுத்தினால் அந்தப் பேச்சின் ஓட்டம் கெட்டுவிடும், அது படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகிற பேச்சு. வாசித்தேன். நிறுத்தி நிதானமாக, எதிரொலி வாய் திறந்து பேசுகிற ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தது, திருத்தினேன். முடித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். எப்போது ஆச்சு என்று கேட்டார்கள். இப்பதான் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

புத்தகம் சொன்ன தேதியில் வந்தது. வாசகர்கள் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுவதாகக் கடிதம் போடுகிறார்கள். 'டீச்சர் கடைசியில் தன் முழுக்குரலில் பேசிவிட்டார்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. எல்லாப் புகழும் டீச்சருக்கே போகட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் இன்னொருவர் 'அற்புதமான நாவல், கடைசிப் பதினான்கு பக்கப் பிரசங்கத்தைத் தவிர' என்று எழுதியிருந்தார். அந்த ஆளுக்கு வாசிக்கவே தெரியாது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நினைவுக் கூட்டத்தில் வைக்க டீச்சரின் கையெழுத்து ஏதாவது வேண்டும் என்று தங்கை அலுவலகத்துக்கு வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். அலமாரியைத் திறந்து, அந்த நாவலின் பெயர் போட்ட உறையை எடுத்துக் கொட்டியிருக்கிறார். புள்ளி வைத்த ஒன்றரைப் பக்கம். அதோடு மாத்திரைகள், பன்னிரண்டு. மறுநாள் அவரும் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் உங்களிடம் வந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். உண்மைதான். என்னால் அது முடியாது.

மாத்திரையை நிறுத்தியது நான். பயிற்சியை நிறுத்தியது நான். அவர் சாகும்போது உதவிக்குக் கூப்பிடாமல் வாசித்துக்கொண்டிருந்ததும் நான்தான். 'டீச்சரைக் கொன்றேன்' என்று ஒரே வாக்கியமாக வேண்டும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதில் பிழை இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்னும் கொஞ்சம் தாள் வேண்டும். இந்த வழக்கில் தங்கை தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன். டீச்சரின் பக்கத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் அவரே தன் வாயால் சொல்வதுபோல ஒரு நாவலை ஆரம்பித்திருக்கிறேன், நாற்பது பக்கம் வந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அவர் என்னை மன்னித்துவிடுகிறார்; அந்த இடம் தானாகவே வந்தது மேடம், நான் ஒரு சொல்லைக்கூடத் திணிக்கவில்லை.